வத்தக்குழம்புக்கு கேட் பாஸ் கேட்கும் கமிட்டிக்கு

மதிப்பிற்குரிய தலைவர், செக்ரட்டரி, கமிட்டி உறுப்பினர்கள் அனைவருக்கும்,

வணக்கம். இதே விஷயமாக இரண்டு முறை ஆங்கிலத்தில் மெயில் அனுப்பிவிட்டேன். முதலாவதற்கு 'நோட்டட்' என்று ஒரு வார்த்தை வந்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. கமிட்டியில் இருக்கும் 9 பேரில் 5 பேர் வீட்டில் தமிழ்தான் பேசுகிறீர்கள். பொங்கலுக்கு ஒரே வாசலில் சேர்ந்து கோலம் போட்டிருக்கிறோம். அதனால் இந்த முறை தமிழில், எல்லோரும் படிக்கும்படியே எழுதுகிறேன். கோபத்தில் எழுதுவதுதான். ஆனாலும் மூன்று நாள் ஆறப்போட்ட கோபம்.

மார்ச் மாதம் பி பிளாக் இரண்டாவது மாடியில் நடந்த நகைத் திருட்டும், அதற்குப் பிறகு நீங்கள் ஒட்டிய சுற்றறிக்கையும் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்லப்போவதில்லை. நான் கேட்பது ஒன்றே ஒன்று. வீட்டு வேலைக்கு வரும் பெண்களின் பையை கேட்டில் திறந்து பார்ப்பதை நிறுத்துங்கள்.

போன வியாழக்கிழமை மதியம் ஒன்றரை மணி. எங்கள் வீட்டில் வேலை பார்க்கும் அம்மா கிளம்பினார். பெயர் எழுதவில்லை, அவர் படத்தைத்தான் நோட்டீஸ் போர்டில் ஒட்டி வைத்திருக்கிறீர்களே, போதும். ஊத்தங்கரைக்காரர், இங்கே பெங்களூரில் நாகவாரபாளையாவில் குடியிருக்கிறார், ஒன்பது வருடமாக எங்கள் வீட்டுக்கு வருகிறார். அன்று ஒரு எவர்சில்வர் டப்பாவில் வத்தக்குழம்பு கொடுத்தேன். கூடவே என் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை ஒன்று. சீட்டு எழுதிக் கொடுக்க மறந்துவிட்டேன். ஆமாம், என் தப்புதான். பழைய புடவைக்கும் மிச்சக் குழம்புக்கும் ஃப்ளாட் நம்பர் போட்டுக் கையெழுத்திட்டு சீட்டு கொடுக்க வேண்டும் என்ற உங்கள் ஆறாவது விதி எனக்கு இன்னும் பழகவில்லை.

கேட்டில் புதுப் பையன். அசாமிலிருந்து வந்து மூன்று வாரம் ஆகிறது. அவனுக்குத் தமிழும் கன்னடமும் தெரியாது, இந்த அம்மாவுக்கு இந்தி தெரியாது. புடவையை உதறிப் பிரித்துப் பார்த்தான். டப்பாவைத் திறக்கச் சொல்லி, அடியில் ஏதும் இருக்கிறதா என்று பார்க்க, குழம்பை மூடியில் சாய்க்கச் சொன்னான். பார்சல் கொண்டுவந்த பையன்கள் நாலைந்து பேர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். இன்டர்காமில் என்னைக் கூப்பிட்டிருக்கிறான். நான் குளித்துக்கொண்டிருந்தேன், காது மெஷின் மேஜைமேல் இருந்தது. 25 நிமிடம் அந்த அம்மா வெயிலில் நின்றிருக்கிறார். நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் கேட் ரிஜிஸ்டரில் அன்றைய பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். நல்லெண்ணெய்க் கறை இருக்கும்.

மறுநாள் காலையில் டப்பாவைக் கழுவித் துடைத்து, அந்தப் புடவையையும் மடித்து, சமையல் மேடையில் வைத்தார். "இனிமே எதுவும் குடுக்காதீங்கம்மா" என்றார். அவ்வளவுதான். அழவில்லை, புகார் சொல்லவில்லை. பாத்திரம் தேய்க்கப் போய்விட்டார். ஒன்பது வருடத்தில் என் வீட்டில் அவர் வேண்டாம் என்று சொன்ன முதல் பொருள் அது.

அந்தப் பையனை வேலையை விட்டு எடுத்துவிடாதீர்கள், அதற்காக இதை எழுதவில்லை. 12 மணி நேர ஷிஃப்ட், ஃபேன் ஓடாத கூண்டு, நீங்கள் சொன்னதைச் செய்கிறான். தனியார் காவல் நிறுவனங்களுக்கான 2005-ஆம் வருடச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்கு மத்திய அரசு வகுத்த மாதிரி விதிகளில், காவலாளிக்கு 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப் பயிற்சியும் என்று இருக்கிறது. நம் ஏஜென்சியின் லைசென்ஸ் நகலையும் இந்தப் பையன்களின் பயிற்சிச் சான்றிதழையும் கமிட்டியில் யாராவது கேட்டு வாங்கிப் பார்த்தீர்களா? மூன்று மாதத்தில் நான்கு முகம் மாறிவிட்டது. வேலைக்கு வரும் பெண்களின் ஆதாரைக் கேட்டு வாங்கிய வேகம் இதில் ஏன் இல்லை?

ஒரு பெண்ணைச் சோதனை போட வேண்டுமானால் இன்னொரு பெண்தான் செய்ய வேண்டும், அதுவும் கண்ணியம் குறையாமல் செய்ய வேண்டும் என்று போலீசுக்கே விதி இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. உடம்பைத் தொடவில்லையே, பையைத்தானே பார்க்கிறோம் என்பீர்கள். சரி. நாளை காலை நம் செக்ரட்டரி ஆபீசுக்குக் கிளம்பும்போது லேப்டாப் பையை அதே மேஜையில் கொட்டிக் காட்டட்டும், சாப்பாட்டு டப்பாவை மூடியில் சாய்க்கட்டும். நான் வந்து சீட்டு எழுதிக் கொடுக்கிறேன்.

மன்னிக்கவும், விஷயத்துக்கு வருகிறேன்.

நான் 32 வருடம் வங்கியில் வேலை பார்த்தவள். அதில் கடைசி பதினோரு வருடம் லாக்கர் அறையும் சாவிக்கொத்தும் என் பொறுப்பில் இருந்தன. பூட்டு, சாவி, காவல் எல்லாம் எனக்கும் கொஞ்சம் தெரியும். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. இரண்டும் ஒரே ஆள் கையில் இருக்கக் கூடாது. மாற்றுச் சாவிகள் அந்தக் கிளையிலேயே இருக்காது, வேறு கிளைக்குப் போய்விடும். சாயங்காலம் கூட்டிப் பெருக்க வரும் அம்மாவின் பையை நாங்கள் ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை. ரொக்கத்தை வெளியே வைத்துவிட்டு, பெருக்க வந்தவரைச் சந்தேகப்படும் வழக்கம் எங்களுக்கு இல்லை, அவ்வளவுதான்.

பி பிளாக்கில் நடந்தது என்ன? பூட்டு உடையவில்லை, தாழ்ப்பாள் நெளியவில்லை. விசாரிக்க வந்த போலீஸ்காரர் கதவை ஒரு தடவை பார்த்துவிட்டு, "சாவியை எங்கே வைப்பீங்க?" என்று கன்னடத்தில் கேட்டார். ஷூ ரேக்கில், இரண்டாம் தட்டில், பிள்ளையின் பழைய கேன்வாஸ் ஷூவுக்குள். பேப்பர் போடுபவர், பால்காரர், ட்யூஷன் பிள்ளைகள், மாடிப்படியில் ஏறி இறங்கும் நாம் எல்லோரும் பார்த்த இடம். அந்தக் குடும்பத்தை நான் குத்திக் காட்டவில்லை. போன நகை போனதுதான், அவர்கள் வயிற்றெரிச்சல் எனக்குப் புரிகிறது. இன்சூரன்ஸ்காரர்களும் முதலில் கேட்டது கதவு உடைந்ததா என்றுதான். பலவந்தமாக நுழைந்ததற்கு அடையாளம் இல்லையென்றால் வீட்டுக் கொள்ளை பாலிசியில் பொதுவாகப் பணம் பெயராது. ஆக, இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிந்திருக்கிறது, போலீசுக்குத் தெரிந்திருக்கிறது, அன்றைக்குக் கதவைத் திறந்தது சாவிதான் என்று. நமக்கு மட்டும்தான் தென்னை மரத்தில் தேள் கொட்டிப் பனை மரத்தில் நெறி கட்டியிருக்கிறது.

அந்த நெறிக்கு வைத்தியம்தான் உங்கள் சுற்றறிக்கை. புதிதாக 16 கேமரா. ஏற்கெனவே இருக்கும் 24-இல் மூன்று ஓடவில்லை, பி பிளாக் லிஃப்ட் வாசலில் இருப்பது எட்டுக்கால் பூச்சியின் வலையை மட்டும் சிரத்தையாகப் படம் பிடிக்கிறது. மார்ச்சில் போலீஸ் பதிவு கேட்டபோது ஹார்ட் டிஸ்க் ஏழு நாளில் தானே அழிந்துவிடும் என்று தெரியவந்தது. இருப்பதை ரிப்பேர் செய்து, பதிவு ஒரு மாதமாவது நிற்கும்படி பெரிய டிஸ்க் போட்டால் போதாதா? மெயின்டெனன்ஸில் மாதம் 650 ரூபாய் ஏற்றியிருக்கிறீர்கள். அந்தப் பணத்தில் ஆறு மாதத்துக்குள் எல்லா வீட்டு முன் கதவுக்கும் நல்ல பூட்டே போட்டுவிடலாம். பில்டர் போட்டுக் கொடுத்த உருண்டைப் பிடிப் பூட்டை நம்பித்தான் பாதி வீடு இன்னும் தூங்குகிறது. கதவுச் சட்டத்தில் நீள ஸ்க்ரூ போட்டு இறுக்கிய ஒரு லீவர் பூட்டு, உள்ளே ஒரு தாழ்ப்பாள், வந்தவர் முகம் தெரிய ஒரு கண்ணாடித் துளை. சறுக்கு ஜன்னலுக்கு, கீழ்த் தண்டவாளத்தில் அளவாக வெட்டிய ஒரு மரக்குச்சி. எங்கள் வீட்டில் பழைய துடைப்பக் கட்டையில் செய்தது. நகை லாக்கரில். 2022 முதல், திருட்டோ தீயோ ஏற்பட்டு வங்கியின் பொறுப்பு என்று ஆனால், வருட வாடகையைப்போல் நூறு மடங்குவரை வங்கி தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி சொல்கிறது. முழுதும் ஈடாகாதுதான், ஆனாலும் பீரோவில் மடித்த புடவைக்கு நடுவில் வைப்பதைவிட மேல். ஒரு சாதாரண வீட்டுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? பெங்களூர்க் கோட்டையை ஹைதர் அலி கல்லில் எடுத்துக் கட்டினார், அதையே 1791-இல் ஆங்கிலேயத் தளபதி கார்ன்வாலிஸின் படை உடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டது. சி.வி. ராமன் நகர்ப் பக்கத்து 96 ஃப்ளாட்டை அதைவிடப் பெரிய கோட்டையாக்கப் பார்க்கிறோம். அடுத்த பொதுக்குழுவில் அகழி வெட்டி முதலை விடுவதும் அஜெண்டாவில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், துணி காயப்போட வேறு இடம் பார்க்க வேண்டும்.

சிரிக்க முடியாத ஒன்றும் அந்தச் சுற்றறிக்கையில் இருக்கிறது. எல்லா பால்கனிக்கும் திறக்க முடியாத இரும்பு கிரில் கட்டாயம், மொட்டை மாடிக் கதவுக்குத் திண்டுக்கல் பூட்டு, சாவி செக்ரட்டரியிடம். செக்ரட்டரி சனி, ஞாயிறு ஓசூரில். 2010 பிப்ரவரி 23 அன்று பழைய ஏர்போர்ட் ரோட்டில் கார்ல்டன் டவர்ஸில் தீப்பிடித்தது உங்களுக்கும் நினைவிருக்கும், இங்கிருந்து எவ்வளவு தூரம்? புகையில் மாட்டிக்கொண்டவர்கள் வெளியேற வழி கிடைக்காமல் ஜன்னலிலிருந்து குதித்தார்கள். 9 பேர் இறந்துபோனார்கள். கீழ் இரண்டு மாடிக்கு கிரில் வேண்டும் என்றால் போடுங்கள், ஆனால் அதில் உள்ளிருந்து திறக்கும் கதவு ஒன்று வையுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் அப்படியே. மாடிக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போதும். திருடன் உள்ளே வரக் கூடாது என்று நாமே வெளியே போகாதபடி பூட்டிக்கொள்வதா?

ஆதார் விஷயமும் பாக்கி. வேலைக்கு வரும் பெண்களின் ஜெராக்ஸ் கத்தை கேட் கூண்டில் ஜன்னலோரம் கிடக்கிறது. நேற்று அதன்மேல் டீ கிளாஸ் இருந்தது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் சேர்ந்து சொன்னார்களே, ஆதாரை எதிர்த்து 2012-இல் அந்த வழக்கைப் போட்ட புட்டசாமி அவர்கள் கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர். அவர் இருந்த ஊரில்தான் நாமும் இருக்கிறோம். அந்தக் கத்தையை எடுத்து உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நோட்டீஸ் போர்டில் இருக்கும் 41 பெண்களின் படங்களையும் கழற்றிவிடுங்கள். கோவில் வாசலில் செருப்புத் திருடர்களின் படம் ஒட்டுவதுபோல் ஒட்டியிருக்கிறது. படத்தில் இருப்பவர்கள்தான் நம் பிள்ளைகளுக்கு வாய் துடைத்துவிடுகிறார்கள், படுக்கையில் கிடக்கும் நம் பெரியவர்களைப் புரட்டிப் போடுகிறார்கள்.

எங்கோ போய்விட்டேன். வயதானால் இப்படித்தான், ஒரு பிடி கிடைத்தால் எல்லாப் புகாரும் கோர்த்துக்கொண்டு வந்துவிடுகிறது. கிரில்லைப் பற்றியும் கேமராவைப் பற்றியும் பொதுக்குழுவில் நிதானமாகப் பேசலாம், எனக்கு அவசரமில்லை. பைச் சோதனை மட்டும் பொதுக்குழு வரை காத்திருக்கக் கூடாது. அதைச் சுற்றறிக்கை போட்டு ஆரம்பித்தீர்கள், சுற்றறிக்கை போட்டே நாளைக்கு நிறுத்திவிடலாம். எங்கள் வீட்டில் ஏதாவது காணாமல் போனால் கமிட்டியை ஒரு வார்த்தை கேட்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத் தரவும் தயார். தயவுசெய்து நிறுத்துங்கள்.

அந்த அம்மா இந்த வாரமும் வந்தார். சாப்பாட்டை இங்கேயே உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்றேன், பசியில்லை என்றார். கைப்பை கொண்டுவருவதை நிறுத்திவிட்டார். பஸ் பாஸையும் போனையும் முந்தானையில் முடிந்துகொண்டு, வெறும் கையை வீசிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போகிறார். பால்கனியிலிருந்து பார்த்தேன்.

பதில் தமிழிலோ கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ எப்படி இருந்தாலும் சரி. 'நோட்டட்' மட்டும் வேண்டாம்.

மரியாதையுடன்,
ஏ பிளாக், மூன்றாவது மாடியில் குடியிருக்கும் உங்கள் அக்கம்பக்கத்துக்காரி

பி.கு.: ஷூ ரேக்கில் சாவி வைக்கும் வீடு இன்னும் ஆறு இருக்கிறது. நேற்று மாடிப்படியில் இறங்கும்போது எண்ணினேன். நம்பர்களை இங்கே எழுதவில்லை. அதில் ஒன்று கமிட்டி உறுப்பினர் வீடு என்பதால், நேரில் வந்தால் காதோடு சொல்கிறேன்.