முதல் சீட்டு எது என்பதை ஏலத்திடம் கேட்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எதிரணி நோ ட்ரம்ப் (மற்ற இனங்களை வெட்டும் துருப்பு இனம் இல்லாத ஆட்டம்) ஆடும்போது, முதல் சீட்டைப் போடுபவர் தம்மிடம் நீளமாக உள்ள இனத்தில் மேலிருந்து நான்காவது சீட்டைப் போட வேண்டும் என்று தங்கள் நாளிதழின் பிரிட்ஜ் சீட்டாட்டப் பகுதியில், விதிவிலக்கே இல்லாததுபோல் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பாடத்தை அப்படியே நம்பி ஆண்டுக்கணக்கில் பிடிகளை (ஒரு சுற்றில் விழும் நான்கு சீட்டுகள் ஒரு பிடி) கோட்டைவிட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த வழக்கம் வீண் என்று நான் சொல்ல வரவில்லை. நான்காவது சீட்டாக 7 விழுந்தால், 11-லிருந்து 7-ஐக் கழித்து, மற்ற மூன்று கைகளிலும் சேர்த்து அதைவிடப் பெரிய சீட்டுகள் 4 தான் என்று கூட்டாளி கணக்கிடுவார். டம்மியில் (ஆட்டத்தை நடத்துபவரின் கூட்டாளி மேசையில் விரித்து வைக்கும் கையில்) 2, தம் கையில் 2 என்று கண்டுவிட்டால், ஆட்டத்தை நடத்துபவரிடம் அந்த 7-ஐ வெல்ல ஒரு சீட்டும் இல்லை என்பது அவருக்கு அப்போதே விளங்கிவிடும். ஆனால், இனத்தைத் தீர்மானித்த பிறகு அதில் எந்தச் சீட்டு என்பதை மட்டுமே இந்த வழக்கம் சொல்கிறது. எந்த இனம் என்பதை, ஆட்டத்துக்கு முன் எத்தனை பிடி எடுப்போம், எது துருப்பு என்று நடக்கும் ஏலத்தைக் கேட்டவர்தான் சொல்ல முடியும்.

எனக்கு நேர்ந்த ஒரு கையையே எடுத்துக்கொள்கிறேன். ஸ்பேடில் 10, 9, 4. ஹார்ட்டில் 7, 6, 2. டைமண்டில் ராணி, 8, 5, 3, 2. கிளப்பில் ஜாக், 4. எனக்கு வலப்புறம் இருந்தவர் 1 நோ ட்ரம்ப் கேட்டார், அவருடைய கூட்டாளி நேரே 3 நோ ட்ரம்புக்கு, அதாவது 13-இல் 9 பிடிகள் எடுக்கும் ஒப்பந்தத்துக்குப் போனார், அத்துடன் ஏலம் முடிந்தது. நான் பாடம் மாறாமல் டைமண்ட் 3-ஐப் போட்டேன். 9 பிடிகள் தடையின்றி அவர்களுக்குப் போயின. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று எண்ணினால் என் கையில் இருந்தவை 3 புள்ளிகள். எதிரணியிடம் ஏறத்தாழ 26 என்றால், 40-இல் மீதமுள்ள 11-ஐ ஒட்டி என் கூட்டாளியிடம்தான் இருந்தாக வேண்டும். டைமண்டை நான் வளர்த்தெடுத்தாலும், அதை வந்து எடுக்க என் கையில் வேறு பெரிய சீட்டு கிடையாது. மேலும், 3 நோ ட்ரம்புக்கு நேராகப் போனவர் ஸ்பேடையோ ஹார்ட்டையோ தேடவே இல்லை. ஆகவே அவரிடம் அவ்விரண்டும் குறைவு என்று ஊகித்திருக்கலாம். பிறகு பார்த்தால் டம்மியில் ஸ்பேட் ராஜாவும் 7-ம் மட்டுமே. என் கூட்டாளியிடம் ஏஸ், ராணி, ஜாக், 6, 3. ஏலம் மூன்றில் போய் நின்ற பிறகு அவர் வாய் திறக்க வழியில்லை. நான் ஸ்பேட் 10-ஐப் போட்டிருந்தால் முதல் ஐந்து பிடிகளும் எங்களுடையவை, ஒப்பந்தம் ஒரு பிடியில் கவிழ்ந்திருக்கும்.

துருப்பு உள்ள ஆட்டங்களிலும் இதே கதைதான். ஏஸை வைத்துக்கொண்டு அதன் கீழிருந்து சிறிய சீட்டைப் போடாதிருப்பது, ராஜா, ராணி, ஜாக் என்று தொடர்ச்சி இருந்தால் அதன் தலைச்சீட்டைப் போடுவது ஆகியவை பெரும்பாலும் சரியே. ஒற்றைச் சீட்டைப் போட்டுத் துருப்பால் வெட்டும் ஆசை மட்டும் பலரை ஏமாற்றுகிறது. தானே பிடியெடுக்கும் துருப்பு கையில் இருக்கும்போது வெட்டினால் புதிதாகக் கிடைப்பது ஒன்றுமில்லை. டம்மி வெட்டித்தான் பிடிகளைச் சேர்க்கப் போகிறது என்று ஏலம் காட்டினால், துருப்பையே முதலில் போடுவது நல்லது. ஸ்லாம் (12 அல்லது 13 பிடிகள் எடுப்பதாகச் சொல்லும்) ஏலத்தில், முதல் சீட்டைப் போடாத கூட்டாளி டபிள் (எதிரணியின் ஒப்பந்தத்துக்கான பந்தயத்தை உயர்த்தும் அறைகூவல்) சொன்னால் 'வழக்கமான சீட்டைப் போடாதே' என்று பொருள் கொள்ளும் ஏற்பாடு, அதை வகுத்த தியடோர் லைட்னரின் பெயராலேயே வழங்குகிறது. முதல் சீட்டைப் போடுபவர் அதற்கு முன் ஏலம் முழுவதையும் திரும்பச் சொல்லும்படி கேட்கலாம் என்று விதியே இடம் தருகிறது. அதைப் பயன்படுத்துவோரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

தங்கள் பகுதியில் வரும் 'எந்தச் சீட்டைப் போடுவீர்கள்?' என்ற புதிரில் கை மட்டுமே அச்சாகிறது, ஏலம் விடையோடு மறுநாள்தான் வருகிறது. இனி இரண்டையும் முதல் நாளிலேயே, ஏலத்தை மேலேயும் கையைக் கீழேயுமாக, வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்