கெதார் பற்றி, பாப்பாவுக்கு

அன்புள்ள பாப்பா,

கெதார் என்ற ஸ்பானிஷ் வினை எங்கே பார்த்தாலும் வேறு வேறு அர்த்தத்தில் வருகிறது, எழுதி அனுப்புங்கப்பா என்று கேட்டிருந்தாய். வலென்சியாவில் இருந்துகொண்டு இன்னமும் என்னிடம் கேட்கிறாயே என்று பெருமையாக இருந்தது. அதற்கப்புறம் ஒரு போன்கூட இல்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். லத்தீனில் அமைதிப்படுத்துவதைக் குறித்த சொல்தான் ஸ்பானிஷில் கெதார் ஆனது. அடங்கி ஓரிடத்தில் இருப்பது, மிஞ்சுவது, தங்குவது எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. ஊரடங்கை 'தோக்கே தே கேதா' என்பார்களே, அதுவும் இதன் உறவுதான். ராத்திரி வீடடங்கச் சொல்லி அடித்த மணி.

ஒழுங்கான வினை, பயப்படாதே: கேதோ, கேதாஸ், கேதா, கெதாமோஸ், கெதாய்ஸ், கேதான். 'த'வை நம் 'அது'வில் வருகிற மாதிரி மெல்லச் சொல். அழுத்தம்தான் முக்கியம். முதல் அசையில் அழுத்தினால் கேதோ, 'நான்'. கடைசியில் அழுத்தினால் கெதோ, 'அவள்', அதுவும் நடந்து முடிந்தது. எழுதும்போது இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சின்னச் சாய்கோடுதான். அதை நீ விட்டுவிடுகிறாய், பலமுறை சொல்லிவிட்டேன்.

ரொட்டி தீர்ந்துபோனால் 'நோ கேதா பான்'. சட்டை உனக்கு எடுப்பாக இருந்தால் 'தே கேதா பியென்'. எட்டு மணிக்குச் சந்திப்பதாகப் பேசிவைத்தால் 'கெதாமோஸ் அ லாஸ் ஓச்சோ'. இந்தக் கெதாமோஸ் நிகழ்காலத்துக்கும் இறந்தகாலத்துக்கும் ஒன்றேதான்.

முன்னால் மே, தே, சே சேர்ந்தால் அங்கேயே இருந்துவிடுவது என்றாகிறது. சித்திக்கு அனுப்பிய போட்டோவின் கீழே 'மே கேதோ' என்று மட்டும் எழுதியிருக்கிறாய். அவள் அர்த்தம் கேட்டாள். அந்த வாக்கியம் இலக்கணப்படி சரிதான்மா, ஆனால் எதுவரைக்கும் என்று அதில் இல்லை. 'அஸ்தா ஹூனியோ' என்று சேர்த்தால் ஜூன் வரை என்று புரியும். டிசம்பர் என்றால் டிசம்பர். ஏதாவது ஒரு மாதம் சேர்த்து எழுது.

மாடி ரூமை வாடகைக்கு விடலாமா என்று அம்மா கேட்கிறாள். பொறு என்று சொல்லி வைத்திருக்கிறேன். அந்த ஊர்ப் பேச்சு உனக்கு இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டதில் எனக்குச் சந்தோஷம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு. இங்கே ராத்திரி ஆகிவிட்டதே என்று விட்டுவிடாதே, நாங்கள் முழித்துத்தான் இருப்போம். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா