கேட்டுவிட்டு வாக்களித்த அனைவருக்கும் எங்கள் நன்றி

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய இசை நெஞ்சங்களுக்கு,

வணக்கம்.

ஜமைக்காவில் பிறந்த இசைவகைகளான ஸ்கா, ரெகே ஆகிய இரண்டிலும் கடந்த ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்புகளை இரசிகர்களே தேர்ந்தெடுக்கும் வாக்கெடுப்பு பினாங்கில் நல்லபடியாக நடந்து முடிந்தது. இரு பட்டியல்களிலும் முதலிடம் பெற்ற இரண்டு தொகுப்புகளின் பெயர்களும் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்பதால், முடிவுகளை நான் இங்கே மீண்டும் எழுதப் போவதில்லை. அந்த முடிவுகள் நேர்மையாக வருவதற்கு யார் யார் எப்படி உழைத்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் மனம் ஆறாது, அதற்காகவே இம்மடல். உதவியவர்களில் பலர் தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், அவரவர் செய்த செயலைச் சொல்லியே நன்றி கூறுகிறேன்.

தொடக்கத்திலேயே நாங்கள் ஒரு நிபந்தனை வைத்தோம். பட்டியலில் உள்ள தொகுப்புகளை முதல் பாடல் முதல் கடைசிப் பாடல் வரை கேட்ட பிறகே வாக்களிக்க வேண்டும் என்பதே அது. தெரிந்த பெயருக்கு வாக்களிப்பது எளிது. ஆனால் ஸ்கா இசையின் நிலையை எண்ணிப் பாருங்கள்: அமெரிக்காவின் கிராமி இசை விருதில் ரெகே இசைக்கு 1985 முதல் தனிப் பிரிவு இருக்கிறது, ஸ்கா இசைக்கு இன்றுவரை இல்லை. ஜமைக்காவில் ஸ்கா இசைக்கு உருவம் தந்த ஸ்காடலைட்ஸ் குழுவினர்கூட ரெகே பிரிவின் கீழ்தான் பரிந்துரைக்கப்பட்டார்கள். ஜோக்ஜகார்த்தாவிலோ தோக்கியோவிலோ மெக்சிகோவிலோ ஒரு குழு இன்று தரமான ஸ்கா தொகுப்பை வெளியிட்டால், அதைத் தேடிப் பிடித்துக் கேட்டு, "இது நன்றாக இருக்கிறது" என்று நாலு பேரிடம் சொல்ல இரசிகனை விட்டால் வேறு நாதி இல்லை. அப்படிப்பட்ட இரசிகனே கேட்காமல் வாக்களித்தால் இந்த முயற்சிக்கு என்ன பொருள்? உங்களில் மிகப் பெரும்பாலோர் இந்த நிபந்தனையை மதித்து நடந்தீர்கள் என்பதை, நீங்கள் வாக்குச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதியிருந்த குறிப்புகளைப் படித்தபோதே தெரிந்துகொண்டோம். முதல் நன்றி உங்களுக்குத்தான்.

கேட்பதற்கு இடம் வேண்டும் அல்லவா? ஜார்ஜ்டவுனில் தம் கடையின் மாடியை ஆறு சனிக்கிழமை மாலைகள் வாடகை வாங்காமல் திறந்துவிட்ட ஐயா அவர்களுக்கு நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். தைப்பூச ஏற்பாடுகள் மும்முரமாக நடந்துகொண்டிருந்த நேரம் அது. தண்ணீர்ப் பந்தலுக்கான மூட்டைகள் மாடியில் பாதி இடத்தை அடைத்திருந்த போதிலும், அவற்றை ஓர் ஓரமாக அடுக்கிவிட்டு எங்களுக்குப் பாய் விரித்துக் கொடுத்தார். ஒவ்வொரு மாலையும் தே தாரிக்கும் வடையும் அனுப்பிய அவருடைய துணைவியாருக்கும் எங்கள் வணக்கம்.

அந்த மாடியில் நடந்த ஒன்றை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். ஸ்கா எது, ரெகே எது என்று பிரிப்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு எழுந்தது. மூன்று தொகுப்புகளில் இரண்டு வகைப் பாடல்களும் கலந்திருந்தன. அவற்றை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று முடிவெடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தோம். அப்போது, உறுமி மேளக் குழு ஒன்றில் பல ஆண்டுகளாக வாசித்துவரும் அண்ணன் ஒருவர், அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்தவர், பிளாஸ்டிக் மேசையைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். இடது கையால் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று விரல்விட்டு எண்ணியபடியே, வலது கை முட்டியால் ஒவ்வோர் எண்ணுக்கும் இடையில் மட்டும் மேசையைத் தட்டினார். "இங்கேதான் ஸ்காவுக்குக் கிட்டார் விழுகிறது, நம் பாட்டில் அரை இடம் தள்ளி எடுப்பது போல" என்றார். பிறகு எண்ணும் வேகத்தைப் பாதியாகக் குறைத்து, "ஒன்று" வரும்போது கையை அப்படியே காற்றில் நிறுத்திவிட்டு, "மூன்று" வரும்போது ஒரே அடியாக அடித்தார். ரெகே முரசுக்காரர்கள் முதல் அடியைக் காலியாக விட்டுவிட்டு மூன்றாம் அடியில் இறங்குவதை அந்த ஒரு தட்டு விளக்கிவிட்டது. அதன் பிறகு அந்த மூன்று தொகுப்புகளையும் பாட்டு பாட்டாகக் கேட்டு, எந்த நடை மிகுந்திருக்கிறதோ அந்தப் பட்டியலில் சேர்த்தோம்; ஒருவரும் மறுப்புச் சொல்லவில்லை. அண்ணனுக்கு நாங்கள் கொடுக்க முன்வந்த அன்பளிப்பையும் அவர் வாங்கிக்கொள்ளவில்லை.

பட்டர்வொர்த்தில் பள்ளி வாத்தியக் குழுக்களைப் பயிற்றுவித்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் முப்பது ஆண்டுகளாகத் தேடித் தேடி வாங்கிய இசைத்தட்டுகளில் இரண்டு பெட்டிகளை எங்களிடம் நம்பிக் கொடுத்தார். புதிய தொகுப்புகளை எடைபோட வேண்டுமானால் பழையவற்றைக் காது அறிந்திருக்க வேண்டும் என்பது அவருடைய கருத்து. கிங்ஸ்டன் நகரில் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய ஆல்ஃபா பள்ளியைப் பற்றி அவர் பேசிய மாலையை யாரும் மறக்க மாட்டார்கள். ஏழைச் சிறுவர்களுக்காகத் தொடங்கப்பட்ட அந்தப் பள்ளியின் வாத்தியக் குழுவில் பயின்றவர்கள்தாம் டிராம்போன் கலைஞர் டான் டிரம்மண்டும், சாக்சபோன் கலைஞர் டாமி மெக்குக்கும்; 1964இல் ஸ்காடலைட்ஸ் குழு உருவானபோது அதன் தூண்களாக நின்றவர்களும் அவர்களே. அதே பள்ளியில் பயின்ற ரிக்கோ ரோட்ரிகஸ், பின்னாளில் இங்கிலாந்தில் ஸ்பெஷல்ஸ் குழுவுடன் சேர்ந்து வாசித்து, ஸ்காவை அடுத்த தலைமுறையின் காதில் போட்டார். தம்மிடம் டிராம்போன் பழகிய தோட்டப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டோ என்னவோ, இதைச் சொல்லும்போது ஆசிரியரின் குரல் தழுதழுத்தது.

அவர் சொன்ன இன்னொரு செய்தி எங்களுள் பலருக்குப் புதிது. 1845 மே 10ஆம் நாள், புளண்டெல் என்ற கப்பலில் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஜமைக்காவில் போய் இறங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் கரும்புத் தோட்டம்தான் விதிக்கப்பட்டது. ஏறத்தாழ அதே காலத்தில் கடலைக் கடந்து இந்தக் கரைக்கு வந்து, பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையின் கரும்புத் தோட்டங்களில் உழைத்த தமிழர்களின் வழிவந்தவர்கள் அன்று அந்த மாடியிலேயே சிலர் இருந்தார்கள். ஜமைக்காவின் இசையை நாம் ஏன் இவ்வளவு நெருக்கமாக உணர்கிறோம் என்று என்னைப் பலர் கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு பதில் கிடைத்திருக்கிறது.

பாடல் வரிகளைத் தமிழில் எழுதித் தந்த பல்கலைக்கழக மாணவி ஒருவருக்கும் இங்கே நன்றி கூற வேண்டும். ஜமைக்காவின் பேச்சுமொழி காதுக்குப் பிடிபடாமல் பலர் சோர்ந்துபோன வேளையில், பத்துப் பாடல்களின் பொருளைத் தெளிவான தமிழில் எழுதி, படியெடுத்து அனைவருக்கும் கொடுத்தார். ஜமைக்காவில் தோன்றிய ராஸ்தஃபாரி சமயத்தவர் "நானும் நானும்" என்று சொல்லும் ஒரு வழக்கு உண்டு. பேசுபவர், கேட்பவர், இறைவன் ஆகிய அனைவரையும் ஒன்றாகக் கருதும் சொல் அது. அதை "நாங்கள்" என்று எழுதலாம் என்று சிலர் கூறியபோது, "நாங்கள் என்றால் எதிரில் இருப்பவர் வெளியே நின்றுவிடுவார், நாம் என்பதே பொருந்தும்" என்று அந்தத் தங்கை உறுதியாக நின்றார். அவர் சொன்னதுதான் சரி. இப்படி ஒரு வேறுபாட்டைத் தன்னிடம் வைத்திருக்கும் மொழியில் அந்தப் பாடல்களைப் படிக்க முடிந்தது எங்கள் பேறு.

ஒரு தவறையும் இங்கே குறிப்பிட வேண்டும். அச்சாகி வந்த வாக்குச் சீட்டுகளில் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டு, ஸ்கா பட்டியலின் கடைசி இரண்டு தொகுப்புகள் விடுபட்டிருந்தன. சரிபார்க்காமல் விநியோகித்தது எங்கள் பிழை. சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் அக்கா புலனத்தில் (வாட்ஸ்அப்) அழைத்து, "என் மனத்துக்குப் பிடித்த தொகுப்பையே காணோமே" என்று கேட்ட பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அதுவரை வந்த சீட்டுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, வாக்களிக்கும் காலத்தை ஒரு வாரம் நீட்டித்து, மறுபடியும் அச்சடித்தோம். முதலில் வாக்களித்தவர்கள் முகம் சுளிக்காமல் இரண்டாம் முறையும் வாக்களித்தார்கள். மறு அச்சுச் செலவை நீங்களே உண்டியலில் போட்ட ஒன்று, ஐந்து ரிங்கிட் தாள்கள் ஈடுகட்டிவிட்டன.

எண்ணும் பணி ஓர் இரவு முழுவதும் நீண்டது. ஒவ்வொருவரும் ஐந்து தொகுப்புகளை வரிசைப்படுத்தி, முதலிடத்திற்கு ஐந்து புள்ளி, அடுத்ததற்கு நான்கு என இறங்குமுகமாகக் கணக்கிடும் முறை என்பதால், ஒரு சீட்டைத் தவறாகப் படித்தாலும் கூட்டுத்தொகை மாறிவிடும். ஒருவர் உரக்க வாசிக்க, இருவர் தனித்தனியாக எழுதி, கடைசியில் இரண்டு தாள்களையும் ஒப்பிட்டுப் பார்த்த மூன்று இளைஞர்களுக்கும் என் தனிப்பட்ட நன்றி. ரெகே பட்டியலில் முதல் இரண்டு இடங்களுக்கும் இடையே ஒரே ஒரு புள்ளிதான் வேறுபாடு என்று தெரிந்ததும், யாரும் கேட்காமலேயே அவர்கள் மீண்டும் முதலிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். பழைய பாடல்களின் திரட்டுகளையும் மறுவெளியீடுகளையும் சேர்ப்பதில்லை என்ற விதியை விடாப்பிடியாகக் காத்தவர்களும் அவர்களே. ரெகே பாடகர் பாப் மார்லியின் பாடல்களைத் திரட்டி 1984இல் வெளியான "லெஜண்ட்" தொகுப்பின் பெயரை எழுதியிருந்த அன்பர்களின் உணர்வு எங்களுக்குப் புரிகிறது. ஆனால் அதை அனுமதித்தால் வேறு எந்தத் தொகுப்பும் எந்த ஆண்டிலும் முன்னுக்கு வர முடியாது.

ஆசிரியரின் இரண்டு பெட்டிகளும் ஒரு கீறலும் இன்றித் திரும்பப் போய்ச் சேர்ந்துவிட்டன. உங்களில் வேறு சிலர் இரவலாகக் கொடுத்த குறுவட்டுகள் பதினொன்று இன்னும் எங்களிடம் இருக்கின்றன. வரும் சனிக்கிழமை மாலை அதே மாடிக்கு வந்து பெற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். ஐயாவின் துணைவியார் அன்றைக்கும் வடை சுடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றி கலந்த வணக்கத்துடன்,
வாக்கெடுப்பு ஏற்பாட்டுக் குழுவின் சார்பில்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு