கேட்பாரற்றுக் கிடக்கும் இலவசச் சட்ட உதவி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஜீவனாம்சம் கேட்க வேண்டிய மனைவியும், பாகப்பிரிவினையில் ஒதுக்கப்பட்ட மகளும் முதலில் போய் நிற்பது காவல் நிலையத்திலோ ஊர்ப் பஞ்சாயத்திலோதான். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லையே என்ற அச்சமே இதற்குப் பெரும்பாலும் காரணம். ஆனால், 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. மாவட்ட ஆணைக்குழுவிடமோ வட்டச் சட்டப் பணிகள் குழுவிடமோ மனு கொடுக்கலாம். 15100 என்ற கட்டணமில்லா எண்ணிலும் ஆலோசனை கேட்கலாம்.

எனக்குப் பெரிதும் வேதனை தருவது, சொத்தில் தமக்குள்ள பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித்தரும் விடுதலைப் பத்திரங்கள். இந்துக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கை மகளுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005-ஆம் ஆண்டுத் திருத்தம் உறுதி செய்த பின்னரும், "அண்ணன் தம்பி உறவு கெட்டுவிடும்" என்ற ஒரே வார்த்தைக்குக் கட்டுப்பட்டு, எழுதியிருப்பது என்னவென்று படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்திடும் சகோதரிகள் ஏராளம். விட்டுக்கொடுப்பது அவர்கள் விருப்பம். ஆனால், எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து செய்ய வேண்டாமா? மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் செய்துகொள்வோரும் அங்கு வழங்கப்படும் தீர்ப்புக்கு மேல்முறையீடு இல்லை என்பதை முன்னரே அறிந்திருப்பது அவசியம்.

ஆகவே, சார்பதிவாளர் அலுவலகங்கள், காவல் நிலையங்கள், நியாயவிலைக் கடைகள் ஆகியவற்றின் வாசலில் இந்த உதவி எண்ணையும் அருகிலுள்ள குழுவின் முகவரியையும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க அரசு ஆணையிட வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தஞ்சாவூர்