முகப்புப் பக்கம் அழகாகத்தான் இருக்கிறது

பழைய தமிழ் அகராதிகளையும் கலைக்களஞ்சியங்களையும் மின்னாக்கி இணையத்தில் வழங்கும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் தளம் புதுப்பொலிவு பெற்றது. அன்றிலிருந்து பழைய இணைப்புச் சுட்டி எதைத் தொட்டாலும் முகப்புப் பக்கத்தில்தான் கொண்டுபோய் விடுகிறது. ஏன் இப்படி ஆனது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன்.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டில் உங்கள் தளத்தைச் சுட்டும் அடிக்குறிப்புகள் 37. புறத்தேர்வாளர் அவற்றுள் சிலவற்றைச் சொடுக்கிப் பார்த்திருக்கிறார். சுட்டிய இடத்தில் சான்று இல்லை, ஆய்வாளர் விளக்க வேண்டும் என்று அறிக்கையில் எழுதிவிட்டார். 404 என்று ஒரு பிழைச் செய்தி வந்திருந்தாலாவது கோளாறு தளத்தில் என்று அவருக்குப் புரிந்திருக்கும். பளபளவென்று முகப்பு வந்து நின்றால் அவர் என்ன நினைப்பார்? இல்லாத சான்றை நான் இட்டுக்கட்டியதாகத்தானே? சரியாகச் சொன்னால், முகப்புப் பக்கம் அழகாகத்தான் இருக்கிறது. எனக்கு வேண்டியது அதுவல்ல.

அந்த 37-இல் ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு சொல்லுக்கு நான் வேறெங்கும் காணாத ஒரு பொருளை ஒரு பழைய அகராதி தருகிறது. என் மூன்றாம் இயல் முழுவதும் அந்தப் பொருளின் மேல்தான் நிற்கிறது. முன்பு அந்த அகராதி ஒரே கோப்பாக இருந்தது. நான் குறித்த பக்கத்துக்கு நேரே போகலாம். இப்போது ஐம்பது ஐம்பது பக்கமாக வெட்டி, பெயர்கூட வைக்காமல் எண்களாக அடுக்கியிருக்கிறீர்கள். பக்கங்கள் வெறும் படங்கள் என்பதால் உள்ளே தேட முடியாது. தேடல் பெட்டியோ நூலின் தலைப்பை மட்டும்தான் அறியும். நல்லவேளை, அகராதி என்பதால் அகரவரிசை துணைக்கு வந்தது. இரவு இரவாகப் புரட்டி, பதின்மூன்றாம் கோப்பின் கடைசிப் பக்கத்தில், கடைசி வரியில் என் சொல்லைக் கண்டுபிடித்தேன். பொருள் அடுத்த பக்கத்தில். பதினான்காம் கோப்பைத் திறந்தால் மறுபடியும் பதின்மூன்றாம் கோப்பே திறக்கிறது.

சொல் இருக்கிறது, பொருள் இல்லை. ஓர் அகராதிக்கு இதைவிட என்ன கேடு வரவேண்டும்?

அச்சுப் படியைப் பார்க்கலாமே என்பீர்கள். போனேன். தாள் ஒடிகிறது, வெளியே எடுப்பதில்லை, அதுதான் இணையத்தில் ஏற்றியாகிவிட்டதே, அங்கே பாருங்கள் என்று நூலகத்தில் அனுப்பிவிட்டார்கள். உங்களுக்கு மின்னஞ்சல் எழுதினேன். என் புகாரின் நிலையை அறிய ஒரு சுட்டி தானாக வந்தது. அதுவும் முகப்புக்கே போகிறது. இணையத்தைச் சேமித்து வைக்கும் காப்பகத்திலும் தேடினேன். உங்கள் பழைய தளத்தின் சட்டகம் மட்டும் அங்கே இருக்கிறது, நடுவில் பக்கம் வரவேண்டிய இடம் வெள்ளையாக.

நான் கேட்பது ஒன்றுதான். பழைய முகவரிகள் அந்தந்த நூலின் அந்தந்தப் பக்கத்துக்கே போகவேண்டும்.

இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வித்தை அல்ல. பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது என்று உலாவிக்குச் சொல்ல 301 என்ற குறியீடு இருக்கிறது. பழையது எது, புதியது எது என்று ஓர் அட்டவணை இருந்தால் போதும். இணைய முகவரிகளை மாற்றாதீர்கள் என்று வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீயே 1998-இல் எழுதிவிட்டார். ஆய்விதழ்களுக்கு டிஓஐ என்னும் நிலையான அடையாள எண் 2000 முதல் புழக்கத்தில் இருக்கிறது. கட்டுரை எந்தத் தளத்துக்குக் குடிபெயர்ந்தாலும் எண் மாறாது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் லட்சத்துக்கு மேற்பட்ட சொற்கள் உள்ளன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் அவற்றைச் சொல்லாகவும் தேடலாம், விளக்கத்துக்குள்ளும் தேடலாம். தமிழ்ச் சொல்லுக்குப் பொருள் பார்க்கக் கடல் கடந்து போகவேண்டியிருப்பதில் எனக்கு வருத்தமில்லை. போனால் அங்கே சொல் இருக்கிறது.

நமக்கு இது முதல் முறையும் அல்ல. ஒருங்குறி (யூனிகோடு) என்ற பொதுக் குறியாக்கம் பரவுவதற்கு முன்னால் டாம், டாப், திஸ்கி என்று ஆளுக்கொரு குறியாக்கத்தில் தமிழை ஏற்றினோம். எழுத்துரு கைவிட்டுப் போனதும் அவற்றில் எத்தனையோ பக்கங்கள் கிறுக்கல்களாயின. அப்போது தொழில்நுட்பம் வளரவில்லை என்று சமாதானம் சொல்லிக்கொண்டோம். இப்போது அது நன்றாக வளர்ந்து, வருகையாளர் எண்ணிக்கையை நொடிக்கு நொடி காட்டுகிறது. அந்த எண்ணிக்கையில் என் பங்கு கணிசமானது. சொடுக்கும் ஒவ்வொரு முறையும் முகப்புக்கு வருகிறேன் அல்லவா? தொடக்க விழாப் படங்களுக்குத் தனிப் பக்கம், தனி முகவரி. அது மட்டும் எப்போது தட்டினாலும் சரியாகத் திறக்கிறது.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். இந்த நூல்களை ஒவ்வொரு தாளாகப் படியெடுத்தவர்களின் உழைப்பு எனக்குத் தெரியும். அவர்கள் இல்லையேல் என் ஆய்வேடே இல்லை. தமிழ் வளர்ச்சிக் கழகம் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளை உழைத்து உருவாக்கி 1954 முதல் 1968 வரை வெளியிட்டது. அப்படிப்பட்ட நூல்களை மேற்கோள் காட்டும் எவருக்கும் நாளை இதே நிலை வரக்கூடாது என்றுதான் எழுதுகிறேன். அச்சில் 396-ஆம் பக்கம் என்றால் அந்தப் பதிப்பில் என்றைக்கும் அது 396-ஆம் பக்கம். அந்த உறுதியை உங்கள் தளத்திலும் தாருங்கள். பழைய முகவரிகள் பழைய பக்கங்களுக்கே போகட்டும்.

எனக்கு வேண்டிய 37-இல் 36 பக்கங்கள் புதிய தளத்தில் எங்கே இருக்கின்றன என்று தேடி எடுத்துவிட்டேன். பழைய முகவரியும் புதிய முகவரியுமாக அந்தப் பட்டியலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அட்டவணை போடத் தொடங்கும்போது அதையும் சேர்த்துக்கொள்ளலாம். வாய்மொழித் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. முழு அட்டவணைக்கு நாளாகும் என்றால், பதினான்காம் கோப்பை மட்டுமாவது அதற்குள் சரிசெய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி