வாக்குமூலத்தைக் கருவி எழுதட்டும், எடைபோட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

சாட்சிகளின் வாக்குமூலங்களை ஆராயப் பேச்சுப் பகுப்பாய்வு மென்பொருளைப் பொலிஸார் பயன்படுத்துவது பற்றித் தங்கள் பத்திரிகையில் வெளியான செய்தியை வாசித்தேன். பேசியதை எழுத்தாக்கவும் வாக்குமூலங்களுக்கிடையே உள்ள முரண்பாடுகளைச் சுட்டவும் இக்கருவி உதவுமாயின் வரவேற்கலாம். ஆனால் குரலின் நடுக்கத்தையும் தயக்கத்தையும் அளந்து, ஒருவர் உண்மை பேசுகிறாரா என்று தீர்மானிக்கும் பொறுப்பை அதனிடம் ஒருபோதும் ஒப்படைக்கக் கூடாது. பிரித்தானியாவில் அரச உதவிக் கொடுப்பனவு கோருவோரிடம் 2007 இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்ட குரல் ஆய்வு, நம்பத்தக்க பயனைக் காட்டாததால் 2010 இல் கைவிடப்பட்டது. 2009 வரை போருக்குள் வாழ்ந்த வன்னி மக்களிடம் இத்தகைய அளவீடு இன்னும் ஆபத்தானது. நான் கிராம அலுவலராக இருந்த காலத்தில், மாடு களவுபோனதை முறையிட வந்த ஒரு தாயுடன் பொலிஸ் நிலையம் சென்றிருந்தேன். சீருடையைக் கண்டதும் அவருக்குக் குரல் அடைத்துவிட்டது, ஒவ்வொரு கேள்விக்கும் நெடுநேரம் மௌனமாக இருந்தே பதில் சொன்னார், ஆயினும் பின்னர் அந்த மாடு அவர் சொன்ன அதே குறியுடன் பிடிபட்டது.

எழுதப்பட்ட வாக்குமூலம் சாட்சிக்கு வாசித்துக் காட்டப்பட வேண்டும் என்றும், அவருக்கு விளங்காத மொழியில் இருப்பின் மொழிபெயர்த்துச் சொல்லப்பட வேண்டும் என்றும் 1979 ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 110 ஆம் பிரிவு ஏற்கனவே கூறுகிறது. எனவே கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களின் பொலிஸ் நிலையங்களில் வாக்குமூலத்தைத் தமிழில் ஒலிப்பதிவு செய்து, தமிழிலேயே எழுத்தாக்கி, சாட்சி திருத்திய பின்னரே கையொப்பம் பெறுவதற்கு இத்தொழில்நுட்பத்தை முதலில் பயன்படுத்துமாறு பொலிஸ் திணைக்களத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற கிராம அலுவலர்,
ஒட்டுசுட்டான்.