மாத்திரையா, பேட்ச்சா?

மலர் கண்ணு,

மாதவிடாய் நிற்கும் வயதின் சூட்டுக்கும் வியர்வைக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை எழுதித் தந்து, மாத்திரை, தோலில் ஒட்டும் பேட்ச் இரண்டில் எது வேண்டும் என்று டாக்டர் உன்னையே முடிவு செய்யச் சொன்னாராம், "இரண்டும் ஈஸ்ட்ரோஜன்தானே அம்மா, விழுங்குவதுதான் சுலபம்" என்று எழுதியிருக்கிறாய். மருந்து ஒன்றுதான், போகிற வழி வேறு. பேட்ச்சையே வாங்கு. ஏன் என்று சொல்கிறேன்.

ரத்தக் குழாயின் உள்சுவரில் ஈஸ்ட்ரோஜனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் இருக்கின்றன. ஹார்மோன் வந்து ஒட்டிய சில நிமிடங்களில் அங்கே நைட்ரிக் ஆக்ஸைடு உண்டாகும், சுற்றியுள்ள தசை தளரும், குழாய் விரியும். இன்னொரு வேலை மெதுவாக நடக்கும். வளர்ந்தவர் உடம்பில், காயம் ஆறும்போது தவிர, புதுக் குழாய் அதிகம் முளைப்பதில்லை. கருப்பையும் சூலகமும் விதிவிலக்கு. மாதாமாதம் தூரம் முடிந்ததும் ஓரிரு மில்லிமீட்டராகக் கிடக்கும் கருப்பை உள்படலம், முட்டை வெளிவருவதற்குள் 8 மில்லிமீட்டர் அளவுக்குத் தடித்துவிடும். அத்தனை திசுவுக்கும் ரத்தம் வேண்டுமே! ஈஸ்ட்ரோஜன் தூண்ட, வி.இ.ஜி.எஃப் என்ற புரதம் சுரந்து குழாய்களைக் கிளைவிடச் செய்கிறது.

ஐம்பதை ஒட்டி இந்தச் சுரப்பு வற்றும்போது யோனிச் சுவரில் ரத்த ஓட்டம் குறையும், சுவர் மெலிந்து வறளும், அமிலத்தன்மை குறைந்து பி.எச் 5-க்கு மேல் ஏறும். சிறுநீர்த் தொற்று திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். அது மட்டுமே தொல்லை என்றால் உள்ளே வைக்கும் 10 மைக்ரோகிராம் மாத்திரை போதும்: இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு. உனக்கோ உடம்பு குப்பென்று சூடேறி வியர்க்கிறது. அது குழாயின் கோளாறு அல்ல, மூளையில் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் இடம் பதறிப்போய்த் தோலின் குழாய்களைத் திறந்துவிடுகிறது. அதற்கு முழு உடம்புக்கும் போகும் மருந்து வேண்டும். (தௌஹுவே, அந்தச் சோயா இனிப்பு, தின்றால் சரியாகிவிடும் என்று உன் சித்தி சொல்வாள். ருசிக்குத் தின்னு, மருந்தாக நினைக்காதே.)

விழுங்கும் மாத்திரை குடலிலிருந்து நேராக ஈரலுக்குப் போகிறது. ஈரல் ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களைக் கூடுதலாகச் செய்யும், காலில் ரத்தம் கட்டி உறையும் அபாயம் ஏறும். பேட்ச் தோல் வழியே ரத்தத்தில் கலப்பதால் ஈரலுக்கு அந்த முதல் அடி விழுவதில்லை. மெல்பர்னிலிருந்து சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்துக்கு ஏழரை மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்து வருகிறவள் நீ.

ஒட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். இடுப்புக்குக் கீழே, அடிவயிற்றிலோ புட்டத்தின் மேல்பக்கத்திலோ ஒட்டு, மார்பில் ஒருபோதும் கூடாது. பாவாடை நாடா, ஜீன்ஸ் இடுப்புப்பட்டி உராயும் இடம் வேண்டாம். குளித்து உடனே ஒட்டாதே, தோல் நன்றாகக் காயட்டும், லோஷனோ பவுடரோ இருந்தால் பிடிக்காது. உள்ளங்கையால் 10 விநாடி அழுத்து, ஓரங்களை விரலால் நீவு. வாரம் இரண்டு முறை, திங்களும் வியாழனும் என்று வைத்துக்கொள். அதே இடத்துக்கு ஒரு வாரம் கழித்துத்தான் திரும்பு, இல்லாவிட்டால் சிவந்து அரிக்கும். நம் ஊர் வியர்வையில் ஓரம் கிளம்பும். விழுந்துவிட்டால் புதிது ஒட்டு, மாற்றும் நாளை மாற்றாதே.

உனக்குக் கருப்பை இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் தனியாகப் போனால் உள்படலம் தடித்துக்கொண்டே போய்ப் புற்றில் முடியலாம். ஆகவே படலத்தை அப்படித் தடிக்கவிடாத புரோஜெஸ்டிரோன் ஹார்மோனும் கட்டாயம். தினமும் 100 மில்லிகிராம் அல்லது மாதத்தில் 12 நாள் 200, டாக்டர் சொல்கிறபடி. தூக்கம் வரும், படுக்கப் போகும்போதே போடு.

2002-இல் அமெரிக்காவில் இந்த ஹார்மோன் மருந்து பற்றிய ஒரு பெரிய ஆய்வைப் பாதியில் நிறுத்தியதிலிருந்து எல்லாருக்கும் பயம். அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 63, கொடுத்தது விழுங்கும் மாத்திரை. தூரம் நின்று 10 வருடத்துக்குள், 60 வயதுக்கு முன் தொடங்குகிறவர்களுக்குக் கணக்கு வேறு. குழாய் இறுகிப்போன பிறகு ஈஸ்ட்ரோஜன் பழையபடி அதை விரிப்பதில்லை.

முன்பு ரத்தம் கட்டியதோ, மார்பகப் புற்றோ, காரணம் தெரியாத ரத்தப்போக்கோ, ஈரல் நோயோ இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென மூச்சு வாங்கினால், மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காதே, நேரே அவசரப் பிரிவு.

தீபாவளிக்கு வரும்போது பேட்ச் பெட்டியைக் கைப்பையிலேயே வைத்துக்கொள், சரக்குப் பெட்டி தாமதமானால் திங்கள் தவறிவிடும்.

அம்மா
ஈசூன்